சிரிப்புக் காட்சிகளை வெட்டியவன்

அபுதாபியைச் சேர்ந்த ருவைஸில் நான் இருந்த கடைசி வருடங்களில், வெள்ளிக்கிழமை மதியம் என் அறைக்கு இரண்டு பேர் படம் பார்க்க வருவார்கள். ஒருவர் பொழுது போக வந்தார். இன்னொருவர் தன் அப்பாவின் குரலைக் கேட்க வந்தார். இரண்டாமவர் அதற்காகத்தான் வருகிறார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த அன்றைக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதுவரை வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

நான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். குழாய்களின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்த வெல்டிங்கை நம்பலாம், எதை வெட்டி எடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வது வேலை. குடும்பம் கோயம்புத்தூரில். எனக்குத் தனி அறை, ஒரு டிவி, ஒரு விசிடி ப்ளேயர், ஒரு பழைய வீடியோ டெக், ஒரு கம்ப்யூட்டர். அந்த ஊரில் வெள்ளிக்கிழமை என்பது தொழுகை முடிந்து, மெஸ்ஸில் பிரியாணி முடிந்து, வெயில் இறங்கும்வரை எங்கேயும் போக முடியாத ஒரு நீளமான மதியம். கடற்காற்றின் ஈரத்தில் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்துக்கொண்டிருக்கும்.

வந்தவர்களில் ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சாரம் கட்டும் கோஷ்டிக்கு ஃபோர்மேன். பெரிய உடம்பு, பெரிய குரல். மற்றவர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். கருவிகளைச் சரிபார்க்கிற டெக்னீஷியன். நாற்பது தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். கட்டிலில் உட்காரச் சொன்னாலும் தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்துகொள்வார். பெயர்களை எழுதப்போவதில்லை. ஊரைச் சொல்லியே குறிப்பிடுகிறேன். கேம்ப்பில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

எனக்குப் பழைய படங்கள் மீது பித்து. சென்னையில் படித்த காலத்தில் திரைப்படச் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்து, எது நல்ல படம், எது குப்பை என்று பிரிக்கக் கற்றுக்கொண்டவன். கற்றுக்கொண்டதை யாருக்காவது ஊட்டிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. முதல் தடவை கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டபோது புதுக்கோட்டைக்காரர் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டார். எழுப்பினால், "சார், கலர் வந்துருச்சா?" என்றார்.

பிறகு ஒரு நாள் டிவியில் தொண்ணூறுகளின் கலர் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகன் மடியில் சாகிற அப்பாவாக ஒரு வயதான நடிகர்.

"இந்தாளு பொறக்கும்போதே நரைச்ச மீசையோடதான் பொறந்திருப்பாரு" என்றார் புதுக்கோட்டைக்காரர்.

நான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு விசிடியை எடுத்துப் போட்டேன். அதே நடிகர், மீசையில்லாமல், ஒல்லியாக, குளத்துப் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

"இது அவரு மகனா சார்?"

"அவரேதான்."

அவர் எழுந்து டிவிக்குக் கிட்டப் போய் மூக்கைப் பார்த்தார். "அட, ஆமா. மூக்கு அப்படியே இருக்கு. மத்ததெல்லாம் எங்க போச்சு?" என்றார். அன்றைக்கு அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தார். தூங்கவில்லை.

வழி கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதன் பிறகு எப்போதும் அப்படித்தான் செய்தேன். அவர்களுக்குத் தெரிந்த ஒரு முகத்தை எடுத்துக்கொள்வேன். அவர்கள் அப்பாவாகவும் மாமனாராகவும் நீதிபதியாகவும் மட்டுமே பார்த்திருந்த ஒருவர். அவரைக் கலர் படத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படமாக இளமைக்குக் கொண்டுபோவேன். முகத்தைத் தொடர்ந்து வருகிறவர்கள் படத்துக்குள்ளும் வந்துவிடுவார்கள். வீட்டு வாசலில் வெற்றிலை இடிக்கும் கிழவியாக வந்துகொண்டிருந்த ஒரு நடிகை, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் டென்னிஸ் மட்டையோடு வந்தபோது புதுக்கோட்டைக்காரர் மறுபடியும் டிவிக்குக் கிட்டப் போனார். பிறகு, "என் பொண்டாட்டிகிட்ட சொன்னா நம்ப மாட்டா" என்றார். அடுத்த நாள் அவர் சைட்டில் பத்துப் பேரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ரிமோட் எப்போதும் என் கையில்தான் இருக்கும்.

பழைய தமிழ்ப் படங்களில் நகைச்சுவைப் பகுதி தனியாக ஓடும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். கதாநாயகனுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. கதை நெருக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு போலி ஜோசியர், ஒரு சமையல்காரர், ஒரு மாமியார், கன்னத்தில் ஓர் அறை, ஒரு விழுதல். பல படங்களில் அதை வேறு ஆட்கள் வேறு நாளில் எடுத்து நடுநடுவே ஒட்டியிருப்பார்கள். சங்கத்தில் நாங்கள் அதை ஒட்டுத்துணி என்போம். அது வந்ததும் நான் பொத்தானை அழுத்தி ஓட்டிவிடுவேன். ஆட்கள் திரையில் பூச்சிகள் போல ஓடி அடித்துக்கொண்டு மறைவார்கள்.

"சிரிக்கிற எடம் வந்தா மட்டும் சார் கை பட்டனுக்குப் போயிரும்" என்பார் புதுக்கோட்டைக்காரர். "நம்மள அழவச்சுப் பாக்குறதுல அவருக்கு ஒரு சொகம்."

"இதெல்லாம் படமே இல்லைய்யா. கூலிக்கு அறை வாங்குகிறவர்கள்" என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. தூத்துக்குடிக்காரர் அப்போதெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு முறை மெதுவாக, "ஓடட்டுமே சார்" என்றார். நான் ஓடவிடவில்லை.

அவரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். படம் தொடங்கும்போது பெயர்கள் வரும் இல்லையா, அப்போது சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து முன்னால் வருவார். கடைசிப் பெயர்வரை உதடு அசையப் படிப்பார். ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்களையெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததன் பலன் என்று நினைத்துக்கொண்டேன். இவர் ரசிகர் ஆகிவிட்டார் என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். அவர் தேடியது ஒளிப்பதிவாளரை அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை குரல்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். பெரிய நடிகர்கள் தங்கள் குரலில் பேசினார்கள். சிறிய வேடக்காரர்களுக்குப் பல நேரம் வேறு யாராவது பின்னால் பேசிவிடுவார்கள், படப்பிடிப்பு முடிந்தபின் அந்தச் சில வரிக்காக அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர யாருக்குப் பொறுமை இருக்கும் என்று சொன்னேன். சில படங்களில் அப்படி நடந்ததுண்டு. நான் எல்லாப் படத்திலும் அப்படித்தான் என்பது போலச் சொன்னேன்.

"அப்ப வாய் ஒருத்தருது, பேச்சு ஒருத்தருதா சார்?" என்று தூத்துக்குடிக்காரர் கேட்டார்.

"பாதிப் படத்தில் அப்படித்தான் தம்பி."

அவர் தலையாட்டினார்.

சில மாதம் கழித்து அவராகவே ஒரு படத்தின் பெயரைச் சொல்லிக் கிடைக்குமா என்று கேட்டார். நாற்பது வருடத்துக்கு முந்தைய படம். பெரிதாக ஓடாதது. கடைகளில் இல்லை. இவரே ஒரு பழைய படத்தைக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எப்படியாவது பிடித்துவிடுவது என்று கிளம்பினேன். குவைத்தில் ஃபர்வானியாவில் என்னுடன் படித்த ஒருவர் இருந்தார். எண்பதுகளிலிருந்து வீடியோ கேசட் சேர்த்தவர். அவரிடம் இருந்தது. வீடு மாறப்போவதாகவும், பெட்டி பெட்டியாகக் கேசட்டைச் சுமக்க முடியாது என்றும், நானே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி, அபுதாபி வந்த ஒருவர் மூலம் கொடுத்தனுப்பினார்.

கேசட்டை டெக்கில் ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, விசிடியாக எழுதுவது என் வழக்கம். அந்தப் படம் மூன்று மணி நேரம். மூன்று தட்டு வேண்டும். நகைச்சுவையை எடுத்துவிட்டால் இரண்டு தட்டில் அடங்கும். மூன்றாவது தட்டு ஒரு பெரிய செலவே இல்லை. ஆனால் படம் சுத்தமாக இருக்கும், முதன்முறையாக யாரோ ஒருவர் அந்தப் படத்தை அதன் உண்மையான வடிவத்தில் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகப் பார்த்து, வெட்டினேன். தேய்ந்த குழாயை வெட்டுகிற மாதிரி. வெட்டியதைச் சேமிக்கவில்லை. பதிந்தது அழியாமலிருக்கக் கேசட்டின் முதுகில் பிளாஸ்டிக் துண்டு உடைத்தெடுக்கப்பட்டிருந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் அதில் மறுபடி பதிவு செய்யலாம். ஒட்டினேன். அந்த வாரம் எனக்கு டியூட்டி இருந்த நேரத்தில் ஒரு கிரிக்கெட் மேட்ச். அதைப் பதிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை படம் போட்டேன். தூத்துக்குடிக்காரர் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பெயர்கள் ஓடியபோது டிவிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பிறகும் பின்னால் நகரவில்லை. ஒவ்வொரு காட்சி முடியும்போதும் தலை கொஞ்சம் முன்னால் போகும். அடுத்த காட்சி தொடங்கியதும் பின்னால் வரும். புதுக்கோட்டைக்காரர், "யோவ், நீ கண்ணாடி இல்லய்யா, கொஞ்சம் நகரு" என்று அவரைக் காலால் தள்ளினார்.

கடைசிக் காட்சி கல்யாணம். எல்லாப் பாத்திரங்களும் மணமக்களைச் சுற்றி வரிசையாக நின்று சிரிக்கிற வழக்கமான முடிவு. கதாநாயகன் நடுவில் நிற்பதால் அதை நான் வெட்டவில்லை. மேளச் சத்தத்தோடு 'வணக்கம்' போட்டுப் படம் முடிந்தது. தூத்துக்குடிக்காரர் திரும்பி, "சார், அந்தக் கல்யாணத்த மட்டும் இன்னொருக்கா போடுதியளா?" என்றார்.

போட்டேன். பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவ" என்றார்.

"என்ன தம்பி, மணப்பெண் தோழி மேல் ஒரு கண்ணா?" என்றேன். புதுக்கோட்டைக்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார். "ஊர்ல தங்கச்சிக்குப் போனப் போடவா?" என்றார். தூத்துக்குடிக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்குத் தெரிகிறது. மூன்றாம் முறை கேட்காமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுக்கோட்டைக்காரர் வருவதற்கு முன்பே தனியாக வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். போன வாரப் படத்துல காமெடி கிடையாதா?"

"ஏன் தம்பி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அதுல எங்க அப்பா இருக்காவ சார். கல்யாணத்துல ஓரத்துல, தலப்பா கட்டிட்டு ஒராளு நிக்காவல்லா, அதான். எனக்கு மூணு வயசுல மெட்ராசுக்குப் போனாவ. எங்க கோயில் திருவிழா நாடகத்துல அப்பா கோமாளி வேசம் கட்டுவாவளாம். யாரோ பாத்துட்டு, நீ சினிமாவுக்கு வான்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொறவு அங்கேயே இறந்துட்டாவ. நாலஞ்சு படத்துல கும்பல்ல நின்னிருக்காவ. இதுல மட்டும் பேசுதாவன்னு ஊர்ல பாத்தவங்க சொன்னாங்க."

என் கண் அலமாரிப் பக்கம் போனது.

"எங்க அம்ம அப்ப ஆத்திரத்துல அந்தப் படத்தப் பாக்க மாட்டேன்னுட்டா. அதுக்கப்புறம் சினிமான்னு ஒரு வார்த்த வீட்டுல கிடையாது. இப்ப எழுபது ஆகப்போகுது. போன லீவுல நான் கிளம்பும்போது கேக்கா, 'ஏல, அந்த மனுசன் பேசுன படம் எங்கயும் கிடைக்குமால?'ன்னு. நானும் அவிய குரலக் கேட்டது கிடையாது. கேட்டிருப்பேன், ஞாபகம் இல்ல. நீங்க சொன்னியல்லா சார், சின்ன ஆளுவளுக்கு வேற ஆளு பேசுவான்னு. எனக்கு அது தெரியாது. அம்மைக்குத் தெரியும். அவ ஒருக்கா கேட்டாப் போதும், இது அவருதான், இல்லைன்னு சொல்லிருவா. அவளத் தவிர இப்ப அந்தக் குரல் தெரிஞ்சவங்க ஊர்ல யாரும் இல்ல."

கேசட் அலமாரியில் இருந்தது. அதில் கிரிக்கெட் இருந்தது.

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்டியது நான், அழித்தது நான், ஆனால் படம் வேறெங்காவது இருக்கும், ஃபர்வானியாக்காரர் யாரிடமிருந்து பதிவு செய்தார் என்று கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவும் அந்த நிமிடத்திலேயே எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கூடவே, அந்த ஆட்களைப் பற்றி இதே அறையில் நான் சொன்ன சொற்களும் ஞாபகம் வந்தன. கூலிக்கு அறை வாங்குகிறவர்கள். அதைச் சொன்னவனே அவர் அப்பாவை வெட்டி எறிந்தவன் என்று அவர் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொரு பக்கம், இத்தனை வருடம் காப்பாற்றப்பட்ட கேசட்டில் கிரிக்கெட் பதிந்துவிட்டேன் என்று ஃபர்வானியாக்காரரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

"டேப்பிலேயே இல்லை தம்பி" என்றேன். "அந்தக் காலத்தில் தியேட்டர்க்காரர்கள் நேரம் மிச்சம் பிடிக்க வெட்டுவார்கள். பிரின்டிலேயே போயிருக்கும்."

"அப்ப வேற எங்கயும் இருக்காதா சார்?"

முதல் பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். "இருக்காது" என்றேன்.

அவர் எழுந்தார். பிறகு வெளியே வராந்தாவுக்குப் போய் ஊருக்குப் போன் செய்தார். கதவு சாத்தவில்லை. எனக்குக் கேட்டது.

"இல்லம்மா. அப்பா வார எடத்த வெட்டிட்டாங்களாம். இனி எங்கயும் கிடைக்காதாம். ஆமா. சார்தான் சொல்லுதாரு. அவருக்கு சினிமா எல்லாம் தெரியும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர், "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகும் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் பெயர்கள் ஓடும்போது நிமிர்வதில்லை. நான் ரிமோட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டேன். நகைச்சுவைப் பகுதிகளை ஓட்டுவதை நிறுத்தினேன். புதுக்கோட்டைக்காரர் "சாருக்கு இப்பத்தான் பல்லு முளைச்சிருக்கு" என்று கேலி செய்தார். அவருக்கு விஷயம் தெரியாது. தூத்துக்குடிக்காரர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஃபர்வானியாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று பல முறை எண்களை அழுத்தத் தொடங்கிப் பாதியில் போனை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது. பொய்யைச் சொல்லி ஒரு வாரம் ஆனபின் உண்மையைச் சொல்வது கஷ்டம். ஒரு மாதம் ஆனபின் அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வருடம், ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது தூத்துக்குடிக்காரரின் அம்மா இறந்துபோனார். அவசர லீவில் போனார். புதுக்கோட்டைக்காரர் வண்டி பிடித்து அவரை அபுதாபி விமான நிலையம்வரை கொண்டுபோய் விட்டார். எனக்கு டியூட்டி இருந்தது. மாற்றிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. திரும்பி வந்தபின் வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவது குறைந்தது. அப்புறம் நின்றுபோனது. வழியில் பார்த்தால் நின்று பேசுவார். என் உடம்பைப் பற்றி விசாரிப்பார்.

நான் ஓய்வு பெற்று ஊருக்குப் போகவிருந்த சமயம், புதுக்கோட்டைக்காரர் துபாயில் வேறு கம்பெனிக்கு மாறிச் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தார். விடைபெற்றுக்கொள்ளப் போனேன். கேம்ப்புக்கு எதிரே வரிசையாகக் கடைகள். சலூன், போன் கார்டு, பரோட்டா, சிடி. சைட்டிலிருந்து பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. என்னை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு அவர் சிடிக் கடைக்குப் போய் ஒரு டிவிடி வாங்கி வந்தார். பழைய படங்களின் சிரிப்புக் காட்சிகளை மட்டும் தொகுத்தது. அட்டையில் பொட்டுப் பொட்டாகப் பல முகங்கள்.

"நீங்க ஓட்டிவிட்டதெல்லாம் இதுல இருக்கு சார். ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல, இனிமேலாவது உக்காந்து சிரிங்க. அந்தக் கடைல பழைய படம் ஒண்ணும் கெடையாது, இது மட்டும் அடுக்கி வச்சிருக்கான். கேம்ப்ல எல்லாரும் இதத்தான் வாங்குறாய்ங்க."

ருவைஸுக்கு வந்து, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அப்போது என்னிடம் இருந்த டிவிடி ப்ளேயரில் அதைப் போட்டேன். நடுவில் எங்கோ அந்தத் தலைப்பாகை வந்தது. நான் வெட்டிய காட்சிதான். சுத்தமாக, முழுதாக.

மறுநாள் தூத்துக்குடிக்காரர் அறைக்குப் போய், ஒரு தடவை வர முடியுமா என்று கேட்டேன். டியூட்டி முடிந்து வேலை உடுப்பான கவரோலோடு அப்படியே வந்தார். அதே இடத்தில் தரையில் உட்கார்ந்தார். சொல்லிவிட்டுத்தான் போடுவது என்று முடிவு செய்திருந்தேன். சொன்னேன். இரண்டு தட்டில் அடங்க வேண்டும் என்று வெட்டியதை, கிரிக்கெட்டை, அன்றைக்கு அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் நான் சொன்ன பொய்யை.

"அப்ப டேப்புல இருந்திருக்கு" என்றார்.

"இருந்தது."

"நீங்க பாத்தியளா?"

"வெட்டுவதற்காகப் பார்த்தேன்."

"அவிய என்ன பேசுனாவ சார்?"

எனக்கு ஞாபகம் இல்லை. முந்தின நாள் மறுபடியும் பார்த்திருந்தும், அந்த நேரத்தில் எவ்வளவு யோசித்தும் ஒரு வார்த்தை வரவில்லை. டிவிடியைப் போட்டேன்.

போலி டாக்டராக ஒரு நகைச்சுவை நடிகர். அவரிடம் கம்பவுண்டராகத் தலைப்பாகைக்காரர். நீளமான முகம், தூத்துக்குடிக்காரருக்கு இருக்கும் அதே மேடான கன்னம். வாசலில் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. கம்பவுண்டர் உள்ளே வந்து, "டாக்டரய்யா, மருந்து தீந்துபோச்சு, நோயாளிங்க இன்னும் தீரல" என்கிறார். டாக்டர் கையால் ஓர் அறை விழுகிறது. தலைப்பாகை அவிழ்கிறது. அதைத் தூக்கிக் கட்டிக்கொண்டே, "இது எனக்கா, நோயாளிக்கா?" என்கிறார். இன்னும் சில வரிகள். அவ்வளவுதான்.

அவர் சிரிக்கவில்லை, அழவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடியே கேட்டார்.

"நல்ல குரலாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "யாரு குரலோ" என்றார்.

சிறிய நடிகர்கள் எத்தனையோ பேர் சொந்தக் குரலில் பேசியிருக்கிறார்கள், அன்று நான் சொன்னது எல்லாப் படத்துக்கும் பொருந்தாது, இது அவருடையதாகத்தான் இருக்கும் என்று வேகவேகமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னாலும் இனி அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அது முகத்தில் தெரிந்தது. நான் பேச்சை நிறுத்தினேன்.

"அன்னைக்கே வெட்டிட்டேன்னு சொல்லிருந்தா கோவப்பட்டிருப்பேன் சார்" என்றார். "ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். பொறவு தேடிருப்பேன். அம்ம அதுக்கப்புறமும் ஒரு வருசம் இருந்தாள்லா."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரிமோட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கை நீட்டினார். கொடுத்தேன். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு மறுபடியும் அந்தக் காட்சியை வைத்தார். சத்தமில்லாமல் கம்பவுண்டர் உள்ளே வந்தார், வாயசைத்தார், அறை வாங்கினார், தலைப்பாகையைக் கட்டினார். தூத்துக்குடிக்காரர் டிவிக்குக் கிட்டப் போய், என்றோ புதுக்கோட்டைக்காரர் செய்ததுபோல முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இது அப்பாதான்" என்றார்.

தட்டை எடுத்து உறையில் போட்டு, கவரோல் பைக்குள் வைத்துப் பொத்தானை மாட்டினார். "பிள்ளையளுக்குக் காட்டணும். தாத்தா முகம்னு சொல்லுவேன். சத்தத்தக் குறைச்சு வச்சுத்தான் காட்டுவேன் சார். அந்தக் குரல் யாருதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

வாசலில் நின்று, என் ஃப்ளைட் என்றைக்கு, சாமான் கட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.